துரை பிடித்துக் கொடுத்த சந்தா

மலைநாட்டுக் கட்சிகளும் காசும் – 7

மடுல்கெல்ல என்ற பெயரைக் கொழும்பு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர், அங்கே துரை வேலை பழக வந்த ஒரு வெள்ளைக்கார இளைஞர். மார்க் அந்தனி லிஸ்டர் பிரேஸ்கேர்டில் என்பது பெயர். லண்டனில் பிறந்து, தாயோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே இளம் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்துகொண்டவர். 1936இல் இலங்கைக்குக் கப்பலேறினார். கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில, ஹுலுகங்கை என்று ஏறிப்போகும் பாதையில், நக்கிள்ஸ் மலைச் சரிவில் இருந்த ரெலுகாஸ் தோட்டத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. சில மாதங்கள்தான் தாக்குப்பிடித்தார். லயத்துச் சனங்களோடு பழகுகிறார், தகராறு என்று வந்தால் அவர்கள் பக்கம் நிற்கிறார் என்று பெரிய துரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். பேசாமல் ஊர் திரும்பியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவர் கொழும்புக்குப் போய் லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார்.

கட்சிக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. கையில் காசும் இல்லை. அது எதிர்த்து நின்ற துரைமாரிடமோ காசுக்குப் பஞ்சமில்லை, ஆனால் கட்சி இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1854 பெப்ரவரியில் கண்டியில் தொடங்கிய துரைமார் சங்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் விரிவாகப் பார்த்தோம். சங்கத்துக்குச் சந்தா கட்டிய தோட்டக்காரர்கள் தனியாக ஒரு கட்சிக்கு ஐந்து சதம் கொடுத்ததில்லை. தேவைப்படவில்லை. சட்டநிரூபண சபையில் அவர்களுக்கென்று ஆசனம் இருந்தது. ஆள் சேர்க்கத் திருச்சிராப்பள்ளியில் 1904 முதல் சொந்த அலுவலகம் இருந்தது. தேசாதிபதியின் மேசைக்கு நேரே கடிதம் போகும். 1864இல் இராணுவச் செலவு விவகாரத்தில் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறியதும், அடுத்த ஆண்டு ‘இலங்கை லீக்’ என்ற அமைப்புப் பிறந்ததும், அதன் முன்னணியில் கோப்பித் துரை ஜோர்ஜ் வோல் நின்றதும் நினைவிருக்கும். இந்தத் தீவில் அரசியல் அமைப்பு என்று சொல்லத்தக்க ஒன்று, தோட்டக்காரர் சங்கத்தின் நிழலில்தான் முதலில் தலைகாட்டியது. காசு வைத்திருக்கும் சங்கம் ஒன்று பக்கத்தில், பேச்சை நடத்தும் ஆட்கள் முன்னால்: இந்த ஏற்பாட்டைத் துரைமார் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மலைநாட்டில் அதை முதலில் செய்துகாட்டியவர்கள் அவர்கள்தான்.

சமசமாஜிகளும் அதே வழியில் வந்தவர்களே. அவர்களின் பக்கத்துச் சங்கம் ஒரு பூ விற்ற சங்கம்.

முதலாம் உலக யுத்தம் முடிந்த நாளான நவம்பர் 11இல் பொப்பி மலர் விற்பார்கள். சேரும் பணத்தில் பெரும்பகுதி பிரித்தானியாவின் முன்னாள் படையினருக்குப் போய்விடும். இலங்கைப் படையினருக்குக் கிடைப்பது சொற்பம் என்ற கோபத்தில் 1931இல் சூரிய மல் விற்பனை ஆரம்பமானது. 1933இல் தென்கொழும்பு வாலிபர் லீக் அதைக் கையில் எடுத்தபோது அது ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக உருமாறியது. டொரீன் யங் அதன் தலைவியானார். பின்னால் டொரீன் விக்கிரமசிங்க என்று அறியப்பட்டவர். பூ விற்ற காசில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்பிள்ளை ஒருவரைப் படிக்கவைத்தார்கள். 1934–35 மலேரியாவில் நாடே சுருண்டு விழுந்தபோது அதே வாலிபர்கள் கேகாலை, ருவன்வெல்லப் பக்கம் கொயினாவும் பருப்பும் சுமந்துகொண்டு போனார்கள். என். எம். பெரேராவுக்கு ‘பருப்பு மாத்தயா’ என்று பெயர் வந்தது அப்போதுதான். 1935 டிசம்பரில் கட்சி பிறந்தது. 1936 அரசாங்க சபைத் தேர்தலில் என். எம். ருவன்வெல்லயிலும் பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்றார்கள். நிவாரணப் பணி எங்கே நடந்ததோ அங்கே வாக்கு விளைந்தது.

இதில் கள்ளம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பூ வாங்கியவனுக்கு, பணம் எதற்குப் போகிறது என்று தெரியும், போகவும் செய்தது. ஆனால் நிவாரணத்துக்கென்று சேர்ந்த பணம் கட்சிக்குப் பெயர் சம்பாதித்துக் கொடுக்கும் என்ற பாடத்தை இலங்கையின் எல்லாக் கட்சிகளும் பிறகு நன்றாகவே படித்துக்கொண்டன. வெள்ள நிவாரணப் பொதியில் தலைவரின் முகம் அச்சாகி வருவது இன்றும் நாம் பார்ப்பதுதான்.

பிரேஸ்கேர்டிலிடம் திரும்புவோம். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் கூட்டம். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்யாய முக்கியப் பேச்சாளர். மேடையில் ஏறிய வெள்ளைக்காரரைக் கண்டதும் தொழிலாளர் கூட்டத்திலிருந்து “சாமி, சாமி” என்ற குரல்கள் எழுந்ததாகப் பொலிஸ் அறிக்கையே பதிந்துவைத்திருக்கிறது. துரைமார் செய்யும் காரியங்கள் தனக்குத் தெரியும், அம்பலப்படுத்துவேன் என்று பேசினார். துரைகளின் உலகத்துக்குள்ளேயிருந்து ஒருவன் வெளியே வந்து இப்படிப் பேசுவது அதுவரை நடக்காதது. ஏப்ரல் 22இல் தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸின் நாடுகடத்தல் உத்தரவு அவர் கையில் கொடுக்கப்பட்டது. 48 மணி நேர அவகாசம். கட்சி அவரை ஒளித்துவைத்தது. மே 5இல் அரசாங்க சபை தேசாதிபதியைக் கண்டித்து 34க்கு 7 என்ற வாக்குகளில் தீர்மானம் நிறைவேற்றியது. அதே நாள் காலிமுகத்திடலில் பெருங்கூட்டத்தின் நடுவே பிரேஸ்கேர்டில் தோன்றினார். பின்பு கைதானார். ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் போனது. பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏப்ரகாம்ஸ் தலைமையிலான ஆயம், பேசிய குற்றத்துக்காக ஒருவரை இப்படி நாடுகடத்த முடியாது என்று மே 18இல் விடுவித்தது.

இந்தக் கதையை எல்லாரும் சொல்வார்கள். காசுப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை. அவருக்காக வாதாடியவர் எச். வி. பெரேரா, நாட்டின் முதல் வரிசைச் சிவில் வழக்கறிஞர். கட்டணம் வாங்கவில்லை. அவரது ஒரு நாள் கட்டணத்தைச் சமசமாஜக் கட்சியின் உண்டியல் தாங்கியிருக்காது. மேடை, பத்திரிகைத் தலைப்பு, தீவு முழுக்கப் பெயர், எல்லாமே ஒரே மாதத்தில் வந்து விழுந்தன. 1937இல் அந்தக் கட்சிக்கு அதிகம் கொடுத்த கொடையாளர் யார் என்று கேட்டால் இரண்டு பேரைச் சொல்வேன். ஒருவர் எச். வி. பெரேரா. மற்றவர் தேசாதிபதி ஸ்டப்ஸ்.

ஆனால் வழக்கில் வென்ற கட்சியால் மடுல்கெல்லத் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியவில்லை. தோட்டம் தனியார் நிலம். லயத்துக்குள் வந்து சங்கத்துக்கு ஆள் சேர்க்கிறவன் அத்துமீறி நுழைந்தவன். கூட்டம் போடுவதானால் பெருந்தெருவில், கடைவீதியில், தோட்ட எல்லைக்கு வெளியே. சந்தா என்பது சம்பள நாளன்று கைக்குக் கை மாறும் சில்லறை. வேலையை இழக்கத் துணிந்தவர்தான் சங்கத்துத் தலைவராக இருந்து அதைச் சேர்க்க முடியும். கோதண்டராம நடேசய்யர் 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை ஆரம்பித்தபோதும் இதே சிக்கல்தான். பத்திரிகையும் துண்டுப் பிரசுரமும் மனைவி மீனாட்சி அம்மாளின் பாட்டுகளும்தான் அவருக்குத் தோட்ட வாசலைத் திறந்துவிட்டன. அவருடைய சம்மேளனம் நெடுநாள் நிலைக்காமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. மாதா மாதம் தவறாமல் காசு வரும் வழி ஒன்று அதற்கு வாய்க்காததும் அவற்றில் ஒன்று என்பது என் கணிப்பு.

அந்த வழி எப்படி வந்தது என்பதற்கு முன், தலைக்காசைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் ஆளுக்கு ஆள் கணக்குப் பார்த்துக் காசு வாங்கும் பழக்கம் சங்கத்தோடு வந்ததில்லை. பெரிய கங்காணி கொண்டுவந்த ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்குப் பிரட்டுக்கு வந்து பேர் போட்டார்களோ, அத்தனை பேருக்கும் தலைக்கு இவ்வளவு என்று தோட்டம் கங்காணிக்குக் கொடுக்கும். செக்ரோல் என்ற ஆட்பதிவேட்டில் எத்தனை பேர், அத்தனை காசு. ஆட்களைத் தன் பிடியில் வைத்திருப்பவனுக்கு நாளாந்த வருமானம். கங்காணி முறை சட்டத்தாலும் காலத்தாலும் மெல்ல மறைந்தது. ஆனால் செக்ரோலின் பக்கங்களில் பெயர்களை எண்ணி ஒரு வெளி ஆளுக்குக் காசு அனுப்பும் கணக்கு முறை கந்தோரில் அப்படியே பழகிக் கிடந்தது.

1939 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு வந்திருந்தபோது இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. அரசாங்கத் திணைக்களங்களிலிருந்து இந்தியத் தொழிலாளர்களை வெளியேற்றியதன் எதிர்வினை அது. ஆரம்பத்தில் அதன் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கொழும்பு வணிகர்கள், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், படித்த வழக்கறிஞர்கள், தோட்ட உடைமையாளர்கள். கம்பளைக் கிளையில் முன்னுக்கு வந்த சௌமியமூர்த்தி தொண்டமானே றம்பொடையில் வேவண்டன் தோட்டத்தின் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை. கட்சிக்குக் கொடையாளர் பஞ்சமில்லை என்று தோன்றும். கொடையாளர்கள் மாநாட்டுக்குக் கொடுப்பார்கள், பந்தலுக்குக் கொடுப்பார்கள். ஐநூறு தோட்டங்களுக்கு ஆள் அனுப்பி வழக்கு நடத்த யாரும் மாதா மாதம் கொடுப்பதில்லை. அதற்குச் சந்தா வேண்டும். காங்கிரஸ் தன் பக்கத்தில் ஒரு தொழிற்சங்கத்தை அமைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் அந்தக் கிளை அடிமரத்தைவிடப் பருத்துவிட்டது.

காலமும் கைகொடுத்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அங்கே முன்னின்றவர்கள் சமசமாஜிகள். விசாரணை ஆணைக்குழுவில் கோவிந்தனின் மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே ஆண்டு ஜூனில் யுத்தத்தைக் காரணம் காட்டி அரசாங்கம் சமசமாஜத் தலைவர்களைப் பிடித்துக் கண்டி போகம்பறைச் சிறையில் போட்டது. 1942 ஏப்ரலில் அவர்கள் சிறையிலிருந்து தப்பி இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வீரக் கதைதான். ஆனால் அவர்கள் தலைமறைவாகவும் நாடுகடந்தும் இருந்த ஆண்டுகளில் தோட்டங்களில் சந்தாப் புத்தகம் வேறு கைக்கு மாறியது. துரைமாரும் 1940இல் ஏழு அம்ச உடன்பாடு ஒன்றுக்கு இறங்கிவந்து சங்கங்களோடு பேசத் தொடங்கியிருந்தார்கள். முழுச் செங்கொடியைவிட, வணிகர்களும் தோட்ட உடைமையாளர்களும் உட்கார்ந்திருக்கும் காங்கிரசோடு பேசுவது அவர்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

1947 தேர்தலில் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. பிரேஸ்கேர்டில் பேசிய அதே நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் எல்லாம் போயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் அதைத் தொடர்ந்து வந்த சட்டங்கள், தேர்தல் இடாப்பிலிருந்து பெயர் நீக்கம். 1952 தேர்தலில் மலையகத் தமிழனுக்குப் போடுவதற்கு வாக்கு இல்லை. அந்த ஆண்டு நடந்த சத்தியாக்கிரகமும் பலன் தரவில்லை.

என் கணக்கில் இந்தக் கதையின் மையம் இங்கேதான் இருக்கிறது. வாக்காளர் இல்லாத கட்சி என்னவாகும்? வேறு எந்த நாட்டிலும் அது இரண்டு தேர்தலுக்குள் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடும். கொடையாளர் ஜெயிக்காத குதிரைக்குக் காசு கட்டமாட்டான். கொழும்பு வணிகர்கள் தங்கள் கடைகளையும் வீசாக்களையும் காப்பாற்றிக்கொள்ளும் கவலையில் இருந்தார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) என்று பெயர் மாறிய இயக்கம் மட்டும் 1977வரை ஒரு தொகுதியைக்கூட வெல்லாமல் உயிரோடு இருந்தது. 1960இல் தொண்டமான் பாராளுமன்றத்துக்குப் போனது நியமன உறுப்பினராக, 1965இலும் அப்படியே. தேர்தல் வெற்றியே இல்லாத அந்தக் கால் நூற்றாண்டில் கட்சியை நடத்தியது சந்தா. வாக்குரிமை பிடுங்கப்பட்டவனால் இயக்கத்துக்குக் கொடுக்க முடிந்தது காசு ஒன்றுதான். அதைக் கொடுத்தான். தேர்தல் கட்சிகள் பொதுவாகக் காசைச் செலவழித்து வாக்கை வாங்கும். இங்கே வாக்கே இல்லாதவர்களின் காசு, என்றோ ஒரு நாள் வாக்கு திரும்பி வரும்வரை ஒரு கட்சியைத் தாங்கிப் பிடித்தது.

சந்தாவைத் துரையே பிடித்துக் கொடுக்கும் ஏற்பாடும் இந்தப் பின்னணியில் வேரூன்றியதுதான். தொழிலாளி ஒரு படிவத்தில் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வைப்பார். தோட்டக் கந்தோரில் அவர் பெயருக்கு நேரே சங்கத்தின் பெயர் ஏறும். மாதச் சம்பளத்தில் முற்பணம், அரிசி, மா, ஊழியர் சேமலாப நிதி எல்லாம் கழிவதோடு சந்தாவும் கழியும். கிளாக்கர் பட்டியல் தயாரிப்பார். காசோலை கொழும்புக்கோ ஹட்டனுக்கோ போகும். மடுல்கெல்லவில் பிடித்த காசு மடுல்கெல்லவைத் தொடாமலே தலைமையகம் போய்ச் சேரும். தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, ஜில்லாப் பிரதிநிதி எல்லாரும் அங்கிருந்து திரும்பி வருவதை எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். சங்கம் மாறவேண்டுமானால் பழைய சங்கத்திலிருந்து விலகும் படிவம், புதிய சங்கத்தில் சேரும் படிவம், இரண்டும் அதே கிளாக்கரின் மேசைக்கு வரவேண்டும்.

ஒரு காலத்தில் சங்கக்காரனைப் பொலிசில் பிடித்துக் கொடுத்த கந்தோர், சங்கத்துக்குக் காசு பிடித்துக் கொடுக்கும் கந்தோரானது. தொழிலாளர் வெற்றியாகவும் இதைப் பார்க்கலாம். சம்பள நாளன்று சில்லறைக்கு அலைய வேண்டாம், யாருக்கும் பயந்து ஒளிந்து சேர்க்க வேண்டாம், வருமானம் உறுதி. உலகம் முழுக்கத் தொழிற்சங்கங்கள் கேட்டு வாங்கிய வசதிதான் இது. ஆனால் அதன் மறுபக்கத்தை மலையகத்தில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. சந்தாவைக் கைநீட்டி வாங்க வேண்டிய கட்டாயம் இருந்தவரை, தலைவர் மாதம் ஒருமுறையாவது லயத்து வாசலில் நின்று “போன மாதம் என்ன செய்தாய்?” என்ற கேள்விக்கு முகம் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. கந்தோர் பிடித்துக் கொடுக்கத் தொடங்கியபின் அந்தக் கேள்விக்கு அவசியமே இல்லாமல் போனது. கட்சி தன் உறுப்பினரைவிடத் துரையின் கிளாக்கரைத்தான் மாதா மாதம் நம்பியிருக்க நேர்ந்தது.

சங்கக் காசைக் கட்சிக்குச் செலவழிக்கலாமா? இந்தக் கேள்விக்குப் பிறந்த ஊர் மலையகம் இல்லை, இங்கிலாந்து. ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினரான ஒஸ்போர்ன் என்பவர் லிபரல் கட்சிக்காரர். தன் சந்தா தொழிற்கட்சிக்குப் போவதை எதிர்த்து வழக்குப் போட்டார். 1909இல் பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தொழிற்கட்சியின் குரல்வளையில் கைவைத்த தீர்ப்பு அது. அக்காலத்தில் பாராளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளம்கூடக் கிடையாது. பிறகு 1913இல் வந்த சட்டம் ஒரு நடுவழி சொன்னது. அரசியலுக்கென்று தனி நிதி வை, அதில் சேர விரும்பாதவர் விலகிக்கொள்ளட்டும். இலங்கையின் 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டத்திலும் அந்தத் தனி அரசியல் நிதி என்ற எண்ணம் வந்து குடியேறியது. சங்கங்கள் ஆண்டுக் கணக்கைப் பதிவாளருக்குக் கொடுக்கவும் வேண்டும்.

சட்டம் எழுதியவர்களுக்கு, சங்கம் ஒரு வீடு, கட்சி பக்கத்து வீடு என்ற எண்ணம். மலையகத்தில் இரண்டும் ஒரே வீடு. சங்கத் தலைவரே கட்சித் தலைவர், கட்சி வேட்பாளர், பிறகு அமைச்சர். சேவைக்காலப் பணம் கேட்டுத் தொழில் நீதிமன்றம் போகும் பிரதிநிதிதான் தேர்தல் வந்தால் மேடை போடுபவர். எந்தப் பெற்றோல் சங்கத்துக்கு எரிந்தது, எந்தப் பெற்றோல் கட்சிக்கு எரிந்தது என்று எந்தக் கணக்காய்வாளரால் பிரித்துச் சொல்ல முடியும்? இ.தொ.கா.வை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு லங்கா ஜாதிகத் தோட்டத் தொழிலாளர் சங்கம் இருந்தது. சமசமாஜிகளுக்கு லங்கா தோட்டத் தொழிலாளர் சங்கம். இடதுசாரிகள் பிரியப் பிரியச் செங்கொடிச் சங்கங்களும் பிரிந்தன. இ.தொ.கா. தலைவர்களில் ஒருவரான அஸீஸ் 1950களின் நடுவில் விலகியபோது ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் வந்தது. வி. கே. வெள்ளையன் 1965இல் தொழிலாளர் தேசிய சங்கத்தை அமைத்தார். பெ. சந்திரசேகரன் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கியபோதும் தொழிற்சங்கம் ஒன்று கூடவே பிறந்தது. கொள்கை வேறுபாடு இருக்கத்தான் செய்தது. ஆனால் சங்கம் இல்லாமல் கட்சி ஆரம்பித்த மலையகத் தலைவரைத் தேடிப் பாருங்கள், கிடைப்பது கடினம்.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் தொண்டமான் வென்றார். 1978இல் அமைச்சரானார். அதன்பின் சந்தாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஊற்று திறந்தது: அமைச்சு, அதன் வாகனம், அதன் ஒதுக்கீடு, அதன் வேலைவாய்ப்புகள். அவர் 1999இல் மறைந்தபின் 2005இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றினாலேயே தொண்டமான் ஞாபகார்த்த மன்றம் அமைக்கப்பட்டது. ஒரு கட்சித் தலைவரின் பெயரில், அரச நிதி பாயக்கூடிய மன்றம். ஆட்சி மாறும்போதெல்லாம் அதன் கட்டடங்களின் பெயர்ப்பலகையைப் பற்றிச் சண்டை எழுந்ததில் வியப்பில்லை. இதே சூத்திரத்தைச் சிங்களத் தலைவர்களின் பெயரில் உள்ள மன்றங்களிலும் பார்க்கலாம். ஊற்று விரிந்தது, ஆனால் சந்தாவை யாரும் விடவில்லை. அமைச்சு ஐந்து ஆண்டில் போய்விடலாம், சந்தா மாதா மாதம் வரும்.

சந்தாவுக்கு இன்னொரு வலிமையும் 1999இல் சேர்ந்தது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் திருத்தப்படி, ஒரு வேலைத்தலத்தில் 40 சதவீதத் தொழிலாளரை உறுப்பினராகக் கொண்ட சங்கத்தோடு பேச முதலாளி மறுக்கக் கூடாது. யாரிடம் எத்தனை சதவீதம் என்பதற்கு ஆதாரம்? கந்தோரில் இருக்கும் சந்தாப் பட்டியல். ஆகவே அந்தப் பட்டியல் காசு தரும் ஏடாகவும், கூட்டு ஒப்பந்த மேசையில் நாற்காலி தரும் ஏடாகவும் ஆனது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முதலாளிமார் சம்மேளனத்தோடு கையொப்பமிட்டவை இ.தொ.கா., லங்கா ஜாதிக, பெருந்தோட்டத் தொழிற்சங்கக் கூட்டுக் கமிட்டி என்ற மூன்று தரப்புகளே. மற்றவை வாசலில் நின்று விமர்சித்தன.

தொகை எவ்வளவு இருக்கும் என்று ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஆளுக்கு மாதம் 150 ரூபா என்றும், ஒரு சங்கத்தில் ஒரு லட்சம் பேர் என்றும் வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபா. வருடத்துக்குப் பதினெட்டுக் கோடி. கொழும்புக் கட்சிகளுக்குக் கொடுக்கும் கட்டட ஒப்பந்தக்காரரும் மதுபான வியாபாரியும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் அவர்கள் கொடுத்ததற்குச் சீட்டு இல்லை, பெயர் இல்லை. கொழுந்து எடுக்கும் பெண் கொடுத்ததற்கு ஒவ்வொரு மாதமும் சம்பளத் துண்டில் பதிவு இருந்தது. இந்த நாட்டின் அரசியல் காசிலேயே, கொடுத்தவர் பெயர் தெளிவாகத் தெரிந்த காசு அவளுடையதுதான். கொடையாளருக்குக் கிடைக்கும் சலுகை மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பந்தக்காரர் தொலைபேசி எடுத்தால் அமைச்சர் பேசுவார். அவள் ஏழு பேர்ச் காணிக்கு எத்தனை அரசாங்கங்களைப் பார்த்துவிட்டாள்!

2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தபோது நிலைமை கொஞ்சம் வெளிச்சமாகும் என்று பலர் நம்பினார்கள். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்ற உச்சவரம்பு வந்தது. முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்ல தொடக்கம்தான். ஆனால் அந்தச் சட்டத்தின் கண் தேர்தல் காலத்தில்தான் திறக்கிறது. தேர்தலில்லாத நாலரை வருடம் கட்சியை நடத்தும் சங்கம், மன்றம், அறக்கட்டளை எதுவும் அதன் பார்வைக்குள் இல்லை. ஜே.வி.பி. தன் உறுப்பினர்களின் பாராளுமன்றச் சம்பளத்தைக் கட்சி நிதியில் சேர்க்கும் வழக்கம் உடையது. ஒப்பிட்டால் அது வெளிப்படையான ஏற்பாடு. அதற்கும் தோட்டங்களில் ஒரு சங்கம் உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசி அடி வந்தது தோட்டங்களை நடத்தும் கம்பனிகளிடமிருந்து. 2019 ஜனவரி ஒப்பந்தத்தில் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. ஆயிரம் ரூபாக் கோரிக்கை தேர்தல் வாக்குறுதியாகி, 2021 மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா கொடுப்பனவும் வர்த்தமானியில் வெளியாயின. ஒப்பந்த மேசையைத் தாண்டி அரசாங்கம் சம்பளத்தைத் தீர்மானித்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. ஒப்பந்தம் இல்லையென்றால் எங்களுக்கு என்ன கடமை என்று சந்தா பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின. துரை தந்த வசதியைத் துரையே எடுத்துக்கொள்ளலாம் என்பது சங்கங்களுக்கு அன்றுதான் உறைத்தது. மேடையில் “எங்கள் மக்களிடம் நாங்களே வாங்கிக்கொள்வோம்” என்று சொல்லிவிடலாம். ஆனால் பழக்கம் விட்டுப்போன வேலை அது. பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு மறுபடி லயத்துக்குப் போன பிரதிநிதிகள், முதலில் கேட்டது காசை இல்லை, கேள்விகளை: சேமலாப நிதி ஏன் கட்டவில்லை? வீட்டுத்திட்டம் எங்கே? கண்டி மாவட்டத்தில், குறிப்பாக நக்கிள்ஸ் பக்கம், அரச நிறுவனங்களின் கையில் இருக்கும் தோட்டங்களில் சேமலாப நிதி நிலுவை பல ஆண்டுப் பிரச்சினை.

அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறிய 1992இல் பதிவுத் தொழிலாளர் மூன்று லட்சத்துக்கும் மேல். இன்று அதில் பாதிகூட இல்லை. இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். எஞ்சியவர்களில் பலர் கிலோவுக்கு இவ்வளவு என்று கொழுந்து விற்பவர்களாகவும், கைக்காசுக்காரர்களாகவும் மாறிவிட்டார்கள். செக்ரோலில் பெயர் இல்லாதவரிடம் சந்தா பிடிக்க இடமில்லை. மலையகக் கட்சிகளின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது தொகுதி, விருப்பு வாக்கு, கூட்டணி என்று அலசுகிறோம். தலைமையகத்தின் மின்சாரக் கட்டணத்தையும் பிரதிநிதியின் சம்பளத்தையும் இனி யார் கட்டுவார் என்ற கேள்வியைத் தொடுவதில்லை. உறுப்பினர் கட்டாவிட்டால் வேறு யாரோ கட்டத்தான் போகிறார்கள். அந்த வேறு யாரோவின் பெயர் சம்பளத் துண்டில் இருக்காது.

அடுத்த இதழில்: கண்டி நகரத்து வணிகர்களும் மாநகர சபைத் தேர்தல்களும்.